கழட்டித் தந்தால்

முழுசா நான் செய்தால் தொண்ணூறு,
கழட்டித் தந்தால் ஐம்பத்தஞ்சு
என்றார் சூசைநாதன்,
வாயில் ஒரு வொஷரைக் கவ்விக்கொண்டு.
'உடையிற போல்ட்டுக்குத் தனிக் கணக்கு.'

முப்பத்தஞ்சாயிரம்.
ஸ்ரான்லி வீதியிலிருந்து கோண்டாவில் வரும்வரை
ஒட்டோ மீற்றரில் அதுதான் தெரிந்தது எனக்கு.

விடுமுறை வானுக்கு.
இருபத்தோராம் தேதி காலமை ஆறு நாற்பதுக்கு
இருபாலைச் சந்தியில் முதல் பிள்ளை வந்து நிற்கும்,
தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.
அதற்குள் நான் ஓட வேண்டும்.

புது எஞ்சின் அவருடைய கராஜ் மூலையில்
பொலித்தீனுக்குள் குந்தியிருக்கிறது.
புதிது என்பது ஒரு மரியாதை.
யப்பானில் ஆரோ ஓடிக் களைத்து விற்றது,
கொழும்பில் ஆரோ கழுவிப் பெயின்ற் அடித்தது.
பழையது இங்கே, முற்றத்தில்,
டொல்பினின் முன் சீற்றுக்குக் கீழே.
ஏழு வருஷம் என் காலைச் சுட்ட சூடு
இப்போது குளிர்ந்து கிடக்கிறது.

'இறக்கிறதை மட்டும் தொடாதை' என்றிருந்தார்.
சீற்று, ரேடியேட்டர், குழாய்கள், வயர், சைலன்சர் நட்,
எண்ணெய் வடிப்பு, மண்ணும் கிறீசும் சுரண்டல்,
இவ்வளவும் என் பங்கு.
பன்னிரண்டும் பதினாலும் என்னிடம் இருக்கு.
பதினேழு இரவல்.

மச்சாள் சொன்னா:
பொம்பிளை ஒருத்தி வானுக்குக் கீழ படுத்துக் கிடந்தால்
றோட்டால போறவை என்ன நினைப்பினம்?
வேலிக்குத் தகரம் அடிச்சாச்சு மச்சாள், என்றேன்.
அவ அதற்குப் பதில் சொல்லவில்லை.
தகரத்தைப் பார்த்தா.

எனக்குப் பயம் வேறு.
கிணறு பன்னிரண்டு அடி தள்ளி.
சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தில்
போத்தல் போத்தலாகத் தண்ணீர் வாங்கிச் சோறாக்கினவள் நான்.
ஆறு லீற்றர் கறுப்பெண்ணெய்
ஒரு சொட்டுச் சிந்தினாலும் இந்தச் செம்மண் குடித்துவிடும்,
குடித்ததைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கும்.
அதனால் முதலில் பேசினைத்தான் வைத்தேன்.
பேசினுக்குக் கீழே சாக்கு. சாக்குக்குக் கீழே
பழைய தேர்தல் பனர் ஒன்று,
சிரிக்கிற முகம் மேலே இருக்க.

செய்யப் போகிறேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.
சும்மா வைத்துப் பார்த்தேன்.

சும்மா முன் சீற்றைத் தூக்கினேன்.
சும்மா ரோச் அடித்தேன்.
வயர்கள்! ஒன்றின் மேல் ஒன்று,
எல்லாம் ஒரே அழுக்கு நிறம்.
கழட்டினால் எது எங்கே போகும்?
வீட்டில் ரேப் இல்லை. இருந்தது
கொப்பிக்கு ஒட்டுகிற லேபல் ஒரு தாள்:
பெயர், வகுப்பு, பாடம்.

ஏறுகிற ஒழுங்கில் எழுதினேன், அதுதான் எனக்கு மறக்காது.
முதல் வயர் லதுர்ஷன். இரண்டாவது யதுஷிகா.
சண்டைக்காரர் கபிஷனும் அக்ஷரனும்
தொட்டுக்கொள்ளக் கூடாத இரண்டு முனைகளுக்கு.
எப்போதும் பிந்தி ஓடிவருகிற டிலுக்ஷிகா, ஏர்த்.

சைலன்சர் நட் மூன்றில் இரண்டு கழன்றது.
மூன்றாவது, துரு தின்ற உள்நட்,
பதினேழை வழுக்கி என் விரல்முட்டியை எடுத்தது.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தேன்.

ஒன்பதரைக்கு அவருக்குப் போன் எடுத்தேன்.
'அண்ணை, தெர்மோஸ்ராற்றுக்குப் பக்கத்தில
பச்சை வயர் ரெண்டு கிடக்கு. எது எது?'
மறுபக்கத்தில் ரீவி சத்தம். பிறகு இல்லை.
'அப்ப முப்பத்தஞ்சைக் கழிக்கச் சொல்றாய்.'
ஓம் என்றேன்.
அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான்
எனக்கும் தெரிந்தது.

'நட் எல்லாம் அசையுதோ?'
அசையுது, என்றேன்.
முட்டியில் இரத்தம் காய்ந்து
கிறீசோடு ஒரே நிறமாகியிருந்தது.